முதலில் கேள்வி, பிறகு கருவி: ஃப்ளோ சைட்டோமீட்டர் வாங்குவோருக்கு

திருக்கோஷ்டியூர் என்றதும் ராமானுஜரும் மாசி மகத் தெப்பமும் நினைவுக்கு வருவார்கள். அந்தத் தெப்பக்குளத்து நீரில் ஒரு சொட்டை, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காரைக்குடிக்கு எடுத்துப்போய் ஓர் ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். குளத்து நீரில் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில் பாக்டீரியா இருப்பது சாதாரணம். அப்படியானால் ஒரு சொட்டில் மட்டும் 50,000 இருக்கும். அவற்றோடு ஒருசெல் பாசிகள், நீலப்பச்சைப் பாசிகள், தூசி, மண்துகள் எல்லாம் கலந்திருக்கும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து எண்ண உட்கார்ந்தால் சில நூறைத் தாண்டுவதற்குள் கழுத்து வலித்துவிடும். ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். வெறும் எண்ணிக்கையோடு நிற்காது. ஒவ்வொரு செல்லும் என்ன பருமன், உள்ளே எவ்வளவு சிக்கல், எந்த நிறமியைச் சுமக்கிறது என்று தனித்தனியாகக் கணக்கு எழுதியும் வைக்கும்.

இந்தக் கருவி சில பத்து லட்சம் ரூபாயிலிருந்து கோடியைத் தாண்டியும் விற்கிறது. சிறிய ஊர் ஒன்றின் பல்கலைக்கழகத் துறையோ மருத்துவக் கல்லூரியோ இதை வாங்குவது பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் முடிவு. அதனால், கருவி எப்படி வேலை செய்கிறது என்பதோடு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே பார்க்கலாம்.

உள்ளே நடப்பது

செல்கள் மிதக்கும் மாதிரித் திரவம் மெல்லிய ஊசி வழியே கருவிக்குள் போகிறது. அதைச் சுற்றி நாலாபக்கமும் 'ஷீத்' என்ற உப்புக்கரைசல் வேகமாக ஓடுகிறது. தெப்பத்தன்று குளக்கரையில் முட்டி மோதும் கூட்டத்தைச் சவுக்குக் கட்டைத் தடுப்பு இருபுறமும் நெருக்கி ஆள் பின்னால் ஆளாக அனுப்புவதைப்போல, இந்தக் கரைசல் செல்களை நெருக்கி ஒற்றை வரிசையாக்கிவிடுகிறது. வரிசை ஒரு லேசர் கற்றையைக் கடக்கிறது. பெரும்பாலும் அது 488 நானோமீட்டர் நீல லேசர்.

செல் ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறடிக்கும். நேர்முன்னே சிதறும் ஒளி செல்லின் பருமனைக் குறிக்கும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளே இருக்கும் துகள்களின் நெருக்கத்தைக் குறிக்கும். இந்த இரண்டை மட்டும் வைத்தே ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கலாம். சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு மீதியை ஓட்டினால், திரையில் லிம்போசைட்டுகள் இடப்பக்கம் கீழே ஒரு கொத்தாகவும், மோனோசைட்டுகள் அதற்கு மேலே கொஞ்சம் வலம் தள்ளியும், துகள் நிறைந்த நியூட்ரோஃபில்கள் உயரத்தில் அகன்ற மேகமாகவும் விழும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல்.

மூன்றாவது தகவல் ஒளிர்தல். குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயத்தைக் கட்டிச் செல்களோடு கலந்தால், அந்தப் புரதம் உள்ள செல் மட்டும் லேசர் முன் பச்சையாகவோ மஞ்சளாகவோ மினுங்கும். பாசிகளுக்குச் சாயமே தேவையில்லை. அவற்றின் பச்சையம் நீல லேசர் பட்டால் 680 நானோமீட்டர் அருகே சிவப்பாகத் தானே ஒளிரும். 1980-களில் இந்தக் கருவியைக் கப்பலில் ஏற்றிக் கடல்நீரை ஓட்டிப் பார்த்த சாலி சிஷோம் குழுவினர், 0.6 மைக்ரான் அளவே உள்ள 'புரோக்ளோரோகாக்கஸ்' என்ற நுண்ணுயிரைக் கண்டறிந்து 1988-இல் வெளியிட்டார்கள். உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான் என்று பிறகு தெரியவந்தது. 1988-க்கு முன் அதைத் தனி உயிராக யாரும் அடையாளம் கண்டிருக்கவில்லை.

மின்தடையில் தொடங்கிய கதை

இதன் முன்னோடியில் ஒளியே கிடையாது. அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர், உப்புக்கரைசலில் இரு மின்முனைகளுக்கு நடுவே சின்னத் துளை ஒன்றை வைத்தார். செல் துளையைக் கடக்கும் கணத்தில் மின்தடை கூடும். அந்தத் துடிப்புகளை எண்ணினால் செல்களை எண்ணியதாகும். இதற்குக் காப்புரிமை கிடைத்தது 1953-இல். அதே ஆண்டு ஜனவரியில்தான், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. கரைசலில் மின்முனையை வைத்து மின்தடையை அளப்பது அங்கே அன்றாட வேலை. மருத்துவமனைகளில் ரத்த அணு எண்ணும் இயந்திரங்கள் பல இன்றும் கோல்ட்டர் வழியில்தான் ஓடுகின்றன.

1965-இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் மேக் ஃபுல்வைலர், அளந்த செல்களைப் பிரித்தெடுக்கவும் வழி செய்தார். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கிய இங்க்ஜெட் நுட்பத்தை எடுத்துக்கொண்டு, செல் அடங்கிய துளிக்கு மின்னேற்றம் கொடுத்து அதைத் தனிக்குழாயில் விழவைத்தார். 1968-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வோல்ஃப்காங் கோடே ஒளிர்தலை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தார். ஒளிர்தலைப் பார்த்துப் பிரித்தெடுக்கும் கருவியை ஸ்டான்ஃபோர்டின் லியனார்டு ஹெர்சன்பர்க் உருவாக்கினார். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்கும் முறையைக் கண்ட பிறகு, கருவிக்குக் கண்ணும் கிடைத்தது, தேடுவதற்கு அடையாளமும் கிடைத்தது.

தமிழ்நாடு கற்ற பாடம்

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்றாக இருந்தது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சி.டி.4 என்ற நோயெதிர்ப்புச் செல்கள் எத்தனை என்று பார்த்துத்தான் அன்றைக்கு மருந்தைத் தொடங்குவார்கள். 200-க்குக் கீழே போனால் ஆபத்து. அந்த எண்ணைத் தருவது ஃப்ளோ சைட்டோமீட்டர்.

அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய கருவிகளில் ஒன்று ஃபேக்ஸ்கவுண்ட். ஒரே ஒரு பச்சை லேசர், நிறுவனமே தரும் குழாய்கள், அச்சாகி வரும் எண். சி.டி.4 போன்ற சில எண்ணிக்கைகளைத் தவிர அதில் வேறு எதையும் பெரிதாக அளக்க முடியாது. ஆனால் நுட்பம் தெரிந்த நிபுணர் இல்லாத மாவட்டத்திலும் ஒரு பரிசோதகர் நம்பகமான முடிவைக் கொடுக்க முடிந்தது. கேள்வி குறுகியதாக இருந்தபோது குறுகிய கருவி சரியான தேர்வு. 2017-இல், எண்ணிக்கை எதுவானாலும் தொற்று உறுதியானதும் சிகிச்சை என்ற கொள்கை இந்தியாவில் வந்தது. சிகிச்சையைத் தொடங்க சி.டி.4 எண்ணுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஆனது. கேள்வி மாறியபோது அந்தக் கருவியால் கூடவே மாற முடியவில்லை.

ஆய்வுக்கூடம் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. நம் கேள்விக்குப் பொருந்தும் கருவி போதும், ஊரிலேயே பெரியது வேண்டாம். அதே நேரம், நாளைக்கு இன்னொரு லேசரோ டிடெக்டரோ சேர்க்க இடம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுவிட வேண்டும்.

எதை ஓட்டப் போகிறோம்?

கொட்டேஷன் கேட்பதற்கு முன், அடுத்த ஐந்தாண்டில் இந்தக் கருவியில் ஓட்டப் போகும் மாதிரிகளை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே அவற்றின் அளவையும் எழுதுங்கள். மனித லிம்போசைட் 7 முதல் 10 மைக்ரான். எந்தக் கருவியும் எளிதாகப் பார்க்கும். பாக்டீரியா ஒரு மைக்ரான் அளவு; பழைய கருவிகளில் இது இரைச்சலோடு கலந்துவிடும். செல்கள் வெளியே விடும் நுண்பைகள் 100 நானோமீட்டர் சுமார். அவற்றுக்கு 405 நானோமீட்டர் ஊதா லேசரின் பக்கச் சிதறலை அளக்கும் வசதி வேண்டும். அலைநீளம் குறையக் குறையச் சிறு துகள் ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும் என்பதே காரணம்.

மறுகோடியில் பெரிய மாதிரிகள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிர்த்தொழில்நுட்பத் துறையிலிருந்து 'சி. எலிகன்ஸ்' என்ற உருளைப்புழுவை வைத்து நடந்த கிருமித்தொற்று ஆய்வுகள் பல வெளியாகியிருக்கின்றன. வளர்ந்த புழு ஒரு மில்லிமீட்டர் நீளம், அதாவது 1,000 மைக்ரான். சாதாரண ஃப்ளோ சைட்டோமீட்டரில் 40, 50 மைக்ரானைத் தாண்டினாலே அடைப்பு பயம். புழுவை முழுசாக ஓட்ட வேண்டுமானால் அதற்கென்றே அகன்ற பாதையோடு செய்யப்படும் 'கோபாஸ்' போன்ற கருவி வேண்டும். இதைத் தாளில் எழுதாமல் வாங்கிவிட்டால், ஒரு கோடி ரூபாய்க் கருவி பக்கத்தில் நிற்க, புழுவைப் பழையபடி மைக்ராஸ்கோப்பில்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எத்தனை லேசர், எத்தனை நிறம்?

விற்பனைக்கு வருபவர் முதலில் சொல்வது நிறங்களின் எண்ணிக்கை. 'சார், இது 13 கலர்', 'இது 20 கலர்' என்பார். ஆனால் செல் சுழற்சியைப் பார்க்க ஒரு சாயம் போதும். செல் தற்கொலையைப் பார்க்கும் அனெக்ஸின் சோதனைக்கு இரண்டு. சி.டி.3, சி.டி.4, சி.டி.8, சி.டி.45 என்று நோயெதிர்ப்புச் செல்களை அடிப்படையாகப் பிரிக்க நான்கு. இவற்றில் பெரும்பாலானவற்றை நீலமும் சிவப்புமாக இரண்டு லேசர் உள்ள கருவியே செய்துவிடும். எம்செர்ரி போன்ற சிவப்பு ஒளிர்புரதம் வைத்து வேலை செய்பவர்களுக்கு 561 நானோமீட்டர் மஞ்சள்-பச்சை லேசர் வேண்டும். நீல லேசர் அதைச் சரியாக எழுப்பாது. ஆகவே நிறங்களை எண்ணுவதற்கு முன், நாம் புழங்கும் சாயங்களுக்கு எந்த லேசர் என்று பாருங்கள்.

நிறம் கூடக் கூட ஒரு தலைவலியும் கூடும். அதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எஃப்.ஐ.டி.சி. என்ற பச்சைச் சாயம் 520 நானோமீட்டர் அருகே உச்சமாக ஒளிர்கிறது. பி.இ. என்ற மஞ்சள் சாயத்தின் உச்சம் 578 அருகே. ஆனால் பச்சைச் சாயத்தின் ஒளி 520-லேயே நின்றுவிடாது. அதன் வால் நீண்டு மஞ்சளுக்கான டிடெக்டருக்குள்ளும் நுழையும். பச்சைச் சாயம் மட்டும் ஏற்றிய குழாயை ஓட்டும்போது பச்சை டிடெக்டரில் 1,000 அலகும் மஞ்சள் டிடெக்டரில் 150 அலகும் வந்தால், இனி எல்லாச் செல்லிலும் பச்சையில் 15 சதவீதத்தை மஞ்சளிலிருந்து கழிக்க வேண்டும். இதைத்தான் காம்பென்சேஷன் என்கிறார்கள். கழித்த பிறகும் அந்த 150-இல் இருந்த ஏற்ற இறக்கம் அப்படியே தங்கிவிடும். பச்சையில் பளிச்சென்ற செல்லில் மஞ்சளின் மங்கலான மினுக்கத்தைத் தேடினால் கிடைக்காது. அனுபவம் உள்ளவர்கள் அரிதான புரதத்துக்குப் பிரகாசமான சாயத்தையும், ஏராளமாக உள்ள புரதத்துக்கு மங்கலான சாயத்தையும் கொடுப்பது இதனால்தான்.

இந்தப் பி.இ. சாயம் சிவப்புப் பாசிகளின் நிறமி. மண்டபம் கடலோரத்தில் அகர் எடுப்பதற்காகப் பெண்கள் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் சிவப்புப் பாசி இனம்தான். 1982-இல் ஆய்வாளர்கள் அந்த நிறமியை ஆன்டிபாடியில் கட்டலாம் என்று காட்டியபின், உலகின் எல்லா நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடங்களிலும் அது புகுந்துவிட்டது.

அண்மையில் வந்திருப்பது ஸ்பெக்ட்ரல் முறை. ஒரு சாயத்துக்கு ஒரு டிடெக்டர் என்று வைக்காமல், ஒவ்வொரு செல்லின் முழு ஒளிப்பட்டையையும் பல பத்து டிடெக்டர்களில் பதிந்து, எந்தச் சாயம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பிரிக்கிறது. சைடெக் நிறுவனத்தின் அரோரா கருவியில் 40 நிறங்களை ஒரே குழாயில் ஓட்டிக் காட்டிய கட்டுரை 2020-இல் வந்தது. மாதிரி குறைவாகவும் கேள்வி அதிகமாகவும் உள்ள நோயெதிர்ப்பு ஆய்வுக்கு இது வரம். நான்கு நிறத்தைத் தாண்டாத துறைக்கு, அந்தப் பணத்தை ஆன்டிபாடிக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்குவது மேல்.

பிரித்தெடுக்க வேண்டுமா?

அளப்பது மட்டும் போதுமா, அளந்த செல்லை உயிரோடு எடுக்கவும் வேண்டுமா? எடுத்த செல்லை வளர்க்கவோ அதன் ஆர்.என்.ஏ.வைப் படிக்கவோ போகிறவர்களுக்குத்தான் சார்ட்டர் என்ற பிரித்தெடுக்கும் கருவி தேவை. விலை பல மடங்கு. அதைவிட முக்கியம், சார்ட்டருக்கு முழுநேர ஆள் வேண்டும். 70 மைக்ரான் நாசிலில் ஏறக்குறைய 70 பி.எஸ்.ஐ. அழுத்தம், மென்மையான பெரிய செல்லானால் 100 மைக்ரானுக்கு மாறி அழுத்தத்தை 20-க்குக் குறைக்க வேண்டும். நாசில் செல்லைவிட நான்கைந்து மடங்காவது அகலமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. தெறிக்கும் நுண்துளிகளில் கிருமி இருந்தால் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே ஓட்ட வேண்டும். ஒரே ஒரு வகைச் செல்லை எப்போதாவது பிரித்தால் போதும் என்றால், காந்தமணி ஒட்டிய ஆன்டிபாடியே அந்த வேலையைச் செய்துவிடும்.

வெயில், கரன்ட், தண்ணீர்

நிறுவனத்தின் கையேட்டில் இல்லாத சில கேள்விகளைச் சிவகங்கை மாவட்டத்து ஆய்வுக்கூடம் கேட்டாக வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் கரன்ட் மாலையில்தான் வரும். கருவி, கணினி இரண்டுக்கும் சேர்த்து ஆன்லைன் யு.பி.எஸ். வேண்டும். ஏ.சி.க்கும் ஜெனரேட்டர் இணைப்பு வேண்டும். அறை சூடேறினால் லேசரின் ஒழுங்கமைவு நகரும், நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் ஒத்துவராது. ஆன்டிபாடி வைத்த ஃபிரிட்ஜையும் அதே இணைப்பில் போடுங்கள். பி.இ.-சை7 போன்ற இரட்டைச் சாயங்கள் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் உடைந்து, இல்லாத மஞ்சளைக் காட்ட ஆரம்பிக்கும்.

ஷீத் கரைசல் நாளொன்றுக்கு லிட்டர் கணக்கில் போகலாம். நிறுவனத்தின் கேனைத்தான் வாங்க வேண்டுமா, இங்கேயே தயாரித்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த கரைசல் ஒத்துக்கொள்ளுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில கருவிகள் பம்பு மூலம் எவ்வளவு மாதிரியை உறிஞ்சின என்றும் அளப்பதால், ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை செல் என்பதை நேரடியாகவே சொல்லிவிடும். குளத்துநீர், கடல்நீர் ஆய்வுக்கு இது பெரிய வசதி. அழுத்தத்தில் ஓடும் கருவியில் அதற்குத் தனியாக எண்ணிக்கை தெரிந்த நுண்மணிகளை (பீட்ஸ்) கலக்க வேண்டியிருக்கும்; அந்தச் செலவு மாதாமாதம் வரும்.

டெண்டரும் டெமோவும்

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உண்டு. தொழில்நுட்பப் புள்ளியில் தேறியவர்களில் குறைந்த விலைக்காரருக்கே ஆர்டர். அப்படியிருக்க, ஸ்பெசிஃபிகேஷனில் எழுதாத எதையும் பின்னால் கேட்க முடியாது. ஒரு நிறுவனத்தின் கையேட்டை வரிக்கு வரி பெயர்த்து எழுதினால் மற்றவர்கள் ஆட்சேபித்துக் கோப்பு மாதக்கணக்கில் தூங்கும். கருவி எப்படிச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று எழுதாமல், அது என்ன செய்துகாட்ட வேண்டும் என்று எழுதுங்கள்: எவ்வளவு சிறிய துகளைப் பிரித்துக் காட்ட வேண்டும், எவ்வளவு மங்கலான ஒளிர்தலைப் பிடிக்க வேண்டும், நொடிக்கு எத்தனை செல்லைத் தவறவிடாமல் பதிய வேண்டும். பதிவுகள் எஃப்.சி.எஸ். என்ற பொதுவடிவில் கிடைக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். அப்போதுதான் நிறுவனத்தின் மென்பொருள் உரிமம் முடிந்தாலும் இலவச மென்பொருளில் பழைய தரவைத் திறக்கலாம்.

பராமரிப்பு ஒப்பந்தங்களில் ஏ.எம்.சி.யும் சி.எம்.சி.யும் ஒன்றில்லை. முன்னதில் பொறியாளர் வருவார், பாகத்துக்குத் தனிக்காசு. பின்னதில் லேசர் உட்படப் பாகங்களும் அடங்கும், ஆனால் எவையெல்லாம் அடங்கும் என்று பட்டியல் கேட்க வேண்டும். உத்தரவாதம் முடிந்தபின் ஐந்தாண்டு சி.எம்.சி. விலையையும் சேர்த்தே விலைப்புள்ளி கேளுங்கள். பொறியாளர் மதுரையில் இருக்கிறாரா, சென்னையிலா, பெங்களூரிலா? அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் வருவார்? இந்த இரண்டு பதிலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

டெமோவுக்கு நிறுவனம் கொண்டுவரும் மணிகளில் எந்தக் கருவியும் அழகாகத்தான் இருக்கும். உங்களிடம் இருப்பதிலேயே மோசமான மாதிரியைக் கொடுங்கள்: ஒட்டிக்கொண்ட செல், பாசி இழை, மண் கலந்த நீர். அடைத்தால் அதை யார், எத்தனை நிமிடத்தில் சரிசெய்கிறார் என்று பாருங்கள். அடர்த்தியான மாதிரி முடிந்த கையோடு வெறும் வடிகட்டிய நீரை ஓட்டச் சொல்லுங்கள். முந்தைய மாதிரியின் செல்கள் திரையில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அரிதான செல்லைத் தேடும் ஆய்வுக்கு அந்தக் கருவி உதவாது.

வாங்காமலும் ஓட்டலாம்

2020 ஜனவரியில் தொடங்கப்பட்ட ஐ-ஸ்டெம் தளத்தில், நாடெங்கும் பொதுப்பணத்தில் வாங்கிய ஆய்வுக்கருவிகளைத் தேடி, கட்டணம் கட்டி நேரம் பிடிக்கலாம். காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ இரண்டு மணி நேரப் பயணம். ஆன்டிபாடி ஏற்றிய செல்களை ஒரு சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, இருட்டில் குளிராக வைத்துக் கொண்டுபோனால் மறுநாளும் ஓட்டலாம். வாரம் பத்துக் குழாய்க்கு மேல் இல்லை என்றால் இதுவே கட்டுபடியாகும். அதைத் தாண்டினால், பக்கத்து நிறுவனங்களோடு கூட்டாக வாங்கி, பதிவேடும் கட்டணமும் வைத்துப் பொதுவசதியாக நடத்தலாம்.

எந்த வழியானாலும், ஆய்வுக்கூடத்தில் ஒருவர் இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் தரமணிகளை ஓட்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதுவதும், மாலையில் கழுவுநீர் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்வதும், மாணவருக்கு காம்பென்சேஷன் சொல்லிக்கொடுப்பதும் அவர் பொறுப்பு. மூன்றாண்டு புராஜெக்ட் முடிந்ததும் கிளம்பிவிடும் ஆராய்ச்சி மாணவரிடம் மட்டும் இதை ஒப்படைத்த இடங்களில், கருவி உறையோடு நிற்கத் தொடங்குவது நான்காம் ஆண்டில். டெண்டர் திறக்கக் காத்திருக்கும் அந்த ஆறேழு மாதத்தில், நிரந்தரப் பணியிலிருக்கும் ஒருவரைக் கருவி உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஸ்பெசிஃபிகேஷனில் பாதியை அடித்துத் திருத்துவதாக இருக்கும். டெண்டர் தேதி தள்ளிப்போனாலும் பரவாயில்லை, திருத்த விடுங்கள்.